கலங்கிய டம்ளர்

வரப்பில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றின் தண்ணீருக்குள் மச்சான் வயலின் மண்கட்டி, மற்றதில் மாட்டுப் பண்ணைக்காரருடையது. மச்சானின் கட்டி மாப்பிள்ளை முறுக்கோடு உடையாமல் கிடக்கிறது. இவருடையது கரைந்து, தண்ணீர் பால்போல் வெளுத்திருக்கிறது. தொழுவம் கழுவிய நீர் ஒரு பங்கென்றால் கிணற்றுத் தண்ணீர் மூன்று பங்கு கலக்க வேண்டும். பயிர் கருகருவென்று எழும்பிய மயக்கத்தில் ஐந்து வருடமாக இவர் கலக்காமலே பாய்ச்சினார். இப்போது வயலெங்கும் உப்புப் பூத்து வெயிலில் மினுங்குகிறது. “என்ன மாமா, மண்ணுக்கும் டீ போட்டுக் குடுத்தீங்களா?” என்று மச்சான் சிரிக்கிறான். இவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மச்சானின் குரல் இறங்குகிறது. “கட்டி இப்படிக் கரைஞ்சா தண்ணி உள்ள இறங்காது மாமா. இந்த வருஷம் விதைக்காதீங்க.” “சரி” என்கிறார், யாருடைய வயலுக்கோ சொல்வதுபோல. தொழுவத்திலிருந்து மனைவி கத்துகிறாள்: “என்னங்க, கழுவுன தண்ணித் தொட்டி வழிஞ்சு மாட்டுக் காலுக்கே வந்துருச்சு! திறந்து விடுங்களேன்!” மச்சான் வாய் திறப்பதற்குள் இவர் கை பழக்கத்தில் வரப்போரக் குழாயின் வால்வைத் திருகிவிடுகிறது. பழுப்பு நீர் நுரைத்துப் பரவி, இறங்காமல் தேங்குகிறது. அதில் வானம் தெரிகிறது. மண் குடிக்கும்போது எழும் குமிழிகளுக்காக இவர் குந்திக் காத்திருக்கிறார். ஒன்றுகூட எழவில்லை.