இன்னும் கொஞ்சம் பின்னால்

அப்போதெல்லாம் ஒலிப்பதிவுக்கு ஒரே மைக். சத்தம் மிஞ்சினால் ஆளைத்தான் தள்ளி நிறுத்துவோம். நான் ஓகே சொல்லும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது. ட்ரம்பெட் டிகுரூஸ் ஊதினால் பாடகியின் குரலே காணாமல் போய்விடும். "இன்னும் கொஞ்சம் பின்னால போங்க சார்" என்றேன். கதவைத் தாண்டினார், வடபழனியைத் தாண்டினார். "தம்பி, பல்லாவரம் வந்துருச்சுப்பா" என்று கத்தினார். செங்கல்பட்டில் சத்தம் கச்சிதமாக அமைந்தது. பாட்டு முடிந்ததும் எல்லோரும் சாப்பிடப் போனோம். அவருக்கு ஓகே சொல்ல மறந்துவிட்டேன். நாற்பது வருஷமாகிறது. தென்காற்று அடித்தால் அவர் ஊதுவது இன்னும் கேட்கிறது. நேற்று அவர் மனைவி ஃபிலோமினா வந்திருந்தார். "நல்லாத்தானே வாசிக்கிறாரு? ஓகே சொல்லிடேன் தம்பி." மொட்டைமாடிக்கு ஏறி, மூச்சைப் பிடித்துக் கத்தினேன். கிழட்டுக் குரல், தாம்பரத்தைக்கூடத் தாண்டியிருக்காது.