இருசம்மாளின் நாக்கு

அங்கே இருந்தவர்கள்: மறுநாள் ஓய்வுபெறப் போகும் தொல்லியல் துறை விஞ்ஞானி சீனிவாசன், காவலாளி தேசப்பன், கூட்டுகிற இருசம்மாள். மற்றவர்கள் எல்லாம் முந்நூறு வருடங்களுக்கு முன் பழவேற்காட்டில் செத்த டச்சுக்காரர்கள்.

சீனிவாசன் ஒரு கல்லறைப் பலகையிலிருந்து வெள்ளைத் தூளைச் சுரண்டி ஒரு தாளில் கொட்டினார். இருசம்மாளிடம் நீட்டினார்.

“கொஞ்சம் வாயில வச்சுப் பாரும்மா.”

தேசப்பன் சிரித்தான். “இன்னா இருசம்மா, போற நேரத்துல சார் விருந்து வெக்கிறாரு. சோத்தக் காணோம், உப்பு மட்டும்தான்.”

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் யாரும் கேட்காமலேயே அவள் இந்தத் தூளை நக்கிப் பார்த்தாள். அப்போது அவள் மதிலுக்கு வெளியே கருவாடு காயவைக்கிறவள். இது எங்கள் உப்பு இல்லை, கசக்கிறது என்றாள்.

சீனிவாசன் அதைக் காதில் வாங்கவில்லை. கல்லெழுத்தைத் தின்பது கருவாட்டு உப்பு என்று அறிக்கை எழுதினார்.

கம்பிவேலி வந்தது. நாற்பது பெண்கள் கருவாடு காயவைத்த களம் போனது. சிலர் சென்னைக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். இருசம்மாள் இங்கேயே துடைப்பம் எடுத்தாள். தினமும் காலையில் அந்தத் தூளைத்தான் கூட்டுகிறாள்.

கருவாடு நின்றது. தூள் நிற்கவில்லை.

போன மாதம்தான் அதை ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு சட்டைப்பையில் இருந்தது. மீனுக்குப் போடும் உப்பு இல்லை. வேறு உப்பு, கசக்கிற உப்பு. வெடிப்புகளை அடைத்த சிமெண்டிலிருந்து வருவது.

இதை மேலிடத்தில் கொடுத்தால் வேலி போய்விடும். களத்தைக் கேட்டு இருசம்மாளின் மகள் ஜெயம்மா மூன்று மனு போட்டிருக்கிறாள்.

இருசம்மாள் இன்னொரு முறை அதையே சொல்லிவிட்டால் கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் வந்திருந்தார்.

அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வெகுநேரம் வாயை அசைத்தாள்.

“எங்க உப்புதான் சார். அப்ப கசக்குதுன்னு சொன்னேன் இல்ல, அது தப்பு. படிச்சவங்க சும்மாவா எழுதுவாங்கன்னு பின்னாலதான் புத்தி வந்துச்சு. மனசுல வெச்சிக்காதீங்க.”

சீனிவாசனின் கை சட்டைப்பைக்குப் போனது. அங்கேயே நின்றது.

“பரவாயில்லம்மா” என்றார்.

வாசலோரம் முதல் கல்லறை. அதில் டச்சு எழுத்துகள் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டன. வெடிப்பை அடைத்த சாம்பல்நிற சிமெண்ட் மட்டும் அப்படியே இருந்தது. ஈரமாக இருந்தபோது யாரோ அதில் விரலால் கீறியிருந்ததும் அழியவில்லை.

சீனி, 1989.

அவர் செய்த முதல் வேலை.

உள்ளே இருசம்மாள் மறுபடி கூட்டத் தொடங்கியிருந்தாள். சீனிவாசன் வெளியே வந்தார். ஆடு நுழையாதிருக்க, தேசப்பன் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.