பொட்டு வைத்த டிஸ்குகள்

“நம்பரை எல்லாம் காணோமே அக்கா, என்ன பண்ணித் தொலைச்சீங்க?” கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆனந்தகுமார் கத்தினான்.

“நேத்து சாயங்காலம் ஆயுத பூஜையில்லா சாரே. பின்னே, சும்மா விட முடியுமா? சந்தனம் வெச்சு, மேல குங்குமமும் வெச்சேன்,” என்றாள், அங்கே கூட்டித் துடைக்கும் பேச்சியம்மாள்.

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு அது. இப்போது உள்ளே முப்பது லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிகள், பெட்டிக்கு எட்டு டிஸ்க். கொச்சியில் பாதிப் பேருடைய கல்யாண வீடியோ அங்கேதான் இருக்கிறது.

எட்டு டிஸ்கையும் சாஃப்ட்வேரால் ஒன்றாகக் கட்டியிருப்பதற்கு ரெய்டு என்று பெயர். பயப்பட வேண்டாம், இது அந்த ரெய்டு இல்லை. எட்டில் ஒன்று செத்தால் மற்ற ஏழும் சமாளிக்கும். இன்னொன்றும் போனால் அத்தனையும் போச்சு.

நேற்று மத்தியானமே ஒன்று செத்துவிட்டதாக மெயில் வந்திருக்கிறது. லீவு ஜோரில் ஆனந்தகுமார் பார்க்கவில்லை. மெயில் சொல்வது நம்பரை மட்டும். நம்பர் எழுதிய ஸ்டிக்கர்களோ சந்தன ஈரத்தில் ஊறி, மை கரைந்து கிடந்தன.

போதாக்குறைக்கு அது முதலாளி வெங்கிட்டுவின் மகள் கல்யாணம் இருக்கிற கட்டு. அதிலேயே இன்னொரு டிஸ்கும் முனகத் தொடங்கிவிட்டதாகக் காலையில் இன்னொரு மெயில். அது போவதற்குள் செத்ததை உருவிப் புதுசு மாட்டியாக வேண்டும்.

“தப்பா உருவினா அவ்வளவுதான். மறுபடியும் தாலி கட்டச் சொல்ல முடியுமா? என் வேலை போச்சு.”

“என் இடுப்புதான் போச்சு சாரே. குனிஞ்சு குனிஞ்சு இருநூத்தி முப்பத்தொம்பது பொட்டு. ஒரு சாயா வாங்கித் தர ஆளில்லை.”

“பொட்டுக் கணக்கை யாரு கேட்டா?” என்று எரிந்து விழுந்தான்.

முனகல் கூடுவதாக அடுத்த மெயிலும் வந்தது. ஆனந்தகுமார் கண்ணை மூடிக்கொண்டு, “குருவாயூரப்பா, நீயே கதி,” என்று நடுப்பெட்டியில் ஒரு டிஸ்கின் கைப்பிடியைப் பிடித்தான்.

பேச்சியம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டாள். “அதை ஏன் சாரே புடிச்சு இழுக்கிறீங்க? அது நல்லாத்தானே இருக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் மூலைப் பெட்டியின் அடித்தட்டைக் காட்டினாள். அங்கே ஒரே ஒரு டிஸ்க் பொட்டில்லாமல் இருந்தது. ஸ்டிக்கரில் நம்பர் அழியாமல் தெரிந்தது. மெயிலில் இருந்த அதே நம்பர்.

“இதுக்கு மட்டும் ஏன் வைக்கலை?” என்றான்.

“மத்ததெல்லாம் தொட்டா சூடா இருந்துச்சு, இது மட்டும் சில்லுன்னு கிடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா, பொணத்துக்குப் போயி பொட்டு வைப்பாங்களா சாரே?”