பலகையில் ஏறிய எண்

எட்டுப் பேர் சேர்ந்து வாரம் முந்நூறு கிலோ புளி தட்டுகிறவர்கள், இலக்கு என்று கேட்டதும் "இருநூறு" என்றார்கள்.

"இன்னாம்மா வடிவு, விளையாடறியா?" என்று குழுத்தலைவியிடம் கேட்டேன்.

"இருநூறுதான் ஐயா. எழுதுங்க."

"ஆறு பேர் இருக்கிற மங்கம்மா குழு முந்நூத்தி இருபதுன்னுது. எட்டுப் பேரு இருநூறா? வெக்கமா இல்ல?"

எழுதினேன்.

1979, மாசி மாதம். ஆலங்காயத்திலிருந்து மலையேறும் ரோட்டில் எங்கள் கம்பெனியின் புளிக் கொட்டகை இருந்தது. மலை ஊர்களிலிருந்து பெண்கள் இறங்கி வந்து ஓடு உடைத்து, நார் இழுத்து, கொட்டை தட்டிக் கொடுப்பார்கள். எடை போட்டு எழுதுவது என் வேலை.

மேனேஜர் ராஜேந்திரன் மெட்ராஸில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். வந்ததும் கரும்பலகை மாட்டினார்.

"இனிமே இவ்வளவு செய்யுங்கன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். "ஒவ்வொரு குழுவும் தன் இலக்கைத் தானே சொல்லணும். பலகையில எழுதுவோம். சனிக்கிழமை எடை பார்ப்போம். சீசன் முடியற வரைக்கும் எண்ணை மாத்தக் கூடாது. ரெண்டு சனிக்கிழமை எட்டாத குழு நின்னுக்கணும்."

"யாரு எழுதுவாங்க சார்? எங்களுக்குப் படிக்கத் தெரியாதே," என்றாள் ஒருத்தி.

"நம்ம கோபால்சாமி எழுதுவார். அவர் எழுதினா எழுதினதுதான்."

எனக்குப் பெருமையாக இருந்தது. எனக்கு முன்னால் இருந்த கணக்குப்பிள்ளை ஒரே ஓர் எண்ணைத் தப்பாக எழுதி வேலையை இழந்தவர். நான் ஆறு வருஷத்தில் ஓர் எழுத்தைக்கூட அடித்துத் திருத்தியதில்லை.

மங்கம்மாள் கூச்சக்காரி. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். நோட்டில் குறித்துக்கொண்டு பலகையில் எழுதினேன்.

"மங்கம்மாள் குழு, முந்நூற்று இருபது! சபாஷ்!" என்று மேனேஜர் உரக்கப் படித்தார்.

மங்கம்மாள் வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

அடுத்தது வடிவு. அவள் மங்கம்மாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதன் பிறகுதான் அந்த இருநூறைச் சொன்னாள்.

சனிக்கிழமை எடை போட்டேன். மங்கம்மாள் குழு சரியாக முந்நூற்று இருபது. வடிவு குழு சரியாக இருநூறு.

"கணக்கு சரியா இருக்குது சார்," என்றேன்.

அடுத்த சனிக்கிழமையும் அதேதான். ஒரு கிலோ கூடவில்லை, குறையவில்லை.

மேனேஜருக்குச் சந்தோஷம். எனக்கு உறுத்தியது. புளி அப்படி அளவாகவா உதிரும்?

மூன்றாம் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடப் போவதுபோல் போய், பின்பக்கமாக வந்தேன். வடிவு கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மங்கம்மாள் குவியலில் கொட்டினாள். பின்னாலேயே இன்னொருத்தி. அவள் பின்னால் இன்னொருத்தி.

"மாட்டிக்கினீங்களா!" என்று கத்தினேன். "சோத்துக்குத் திருடறவங்களப் பாத்திருக்கேன். பேருக்குத் திருடறவங்கள இப்பதாம்மா பாக்கறேன்!"

மங்கம்மாள் அழ ஆரம்பித்தாள். "ஐயா, அது வந்து..."

"சும்மா இருடி," என்றாள் வடிவு.

மேனேஜர் வந்தார். "எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

"செஞ்சோம் சார். அவ்ளோதான்," என்றாள் வடிவு.

"அப்ப ரெண்டு குழுவும் திங்கட்கிழமையிலேருந்து வர வேண்டாம். கோபால்சாமி, எந்தத் தேதியிலேருந்து நடக்குது, தப்பு யாரோடதுன்னு எழுதிக் குடுங்க. ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும்." சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

தேதி பார்க்க நோட்டைப் புரட்டினேன். இலக்கு எழுதிய முதல் திங்கட்கிழமை. என் கையெழுத்து, பிசிறில்லாமல்.

மங்கம்மாள் குழு – 220.

பலகையைப் பார்த்தேன். 320.

மறுபடி நோட்டைப் பார்த்தேன். இரண்டு சனிக்கிழமையும் பலகையோடு எடையைச் சரிபார்த்த நான், நோட்டோடு பலகையை ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை.

வடிவிடம் போனேன்.

"அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"முன்ன இருந்தவரு ஒரு எண்ணுக்காக மூட்டை கட்டிக்கினு போனதப் பாத்தோமே ஐயா. இது நூறு கிலோதான. எங்க எட்டுப் பேரு கையில அடங்கிடும்னு இருநூறு சொன்னேன்."

"நான் அவ்வளவு திட்டினப்போவாவது..."

"சத்தமாப் பேசாதீங்க, சார் காதுல வுழும்." அவள் கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். "எங்க மேலயே எழுதிக் குடுங்க. எங்களுக்குப் புளி இல்லாங்காட்டி மலை மேல சாமை இருக்குது. உங்களுக்கு இந்தத் தராச வுட்டா இன்னா இருக்குது?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜைக்கு வந்து எழுதினேன். ஒரே வரிதான். கொண்டுபோய் நீட்டினேன்.

மேனேஜர் படித்தார். நிமிர்ந்தார்.

"என்ன கோபால்சாமி, தப்பு யாரோடதுன்னு கேட்டா உங்க பேரை எழுதியிருக்கீங்க? சரியாப் பாத்து எழுதுங்க."

"பாத்துட்டேன் சார்," என்றேன். "இப்பதான் கணக்கு சரியா இருக்குது."