வயிற்றுவலிக்காரி

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றதுமே, இன்றைக்குக் கணக்குப் பரீட்சையாக இருக்கும் என்று பள்ளிக்கூட நர்ஸ் நினைத்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பு மாணவி. வாரம் தவறாமல் இந்த அறைக்கு வந்து வந்து, ஆசிரியர்கள் மத்தியில் அவளுக்கு 'வயித்துவலி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"அம்மாவைக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சுருண்டு படுத்தாள்.

நர்ஸ் அவசரப்படவில்லை. காய்ச்சல் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். வீட்டு விலக்கா, காலையில் சாப்பிட்டாளா என்றெல்லாம் விசாரித்தார். ஒரு குறையும் இல்லை. போன மாதம் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்த டாக்டரும், இவளுக்கு நோயே கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வயிற்றில் இல்லாத வலி வேறெங்காவது இருக்கும் என்பது நர்ஸின் அனுபவம். திரையை இழுத்துவிட்டு, வகுப்பில் யாராவது சீண்டுகிறார்களா, வாத்தியார் யாராவது தொல்லை கொடுக்கிறாரா, பஸ்ஸில் ஏதாவது நடக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே தலையாட்டினாள். ஆனால் முகம் மட்டும் வழி தெரியாமல் சிக்கிக்கொண்டவள் முகமாக இருந்தது. பள்ளிக்கூடம்தான் இவள் கழுத்தை நெரிக்கிறது என்று நர்ஸ் முடிவு கட்டினார்.

அம்மாக்காரியும் சரியில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவாள், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வந்தவள் பிள்ளைக்கு என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. மைதானத்து ஓரத்தில் கிடக்கும் பெஞ்சில் மகளோடு உட்கார்ந்து, வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி, கடைசி மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் இந்த அறைவரை கேட்கும். மகள் ஆட, அம்மா தாளம் போடுகிறாள் என்று நர்ஸுக்கு எரிச்சலாக வரும்.

இதற்கு ஒரு முடிவு கட்டும்படி தலைமையாசிரியையும் காலையில்தான் சொல்லியிருந்தார். தொட்டதற்கெல்லாம் தாயை வரவழைத்துக்கொண்டிருந்தால் படிப்பு என்னத்துக்கு ஆகும் என்பது அவர் கட்சி. நர்ஸுக்கும் அது நியாயமாகவே பட்டது.

பள்ளியில் கொடுத்திருந்தது அப்பாவின் போன் நம்பர் ஒன்றுதான். நர்ஸ் அழைத்ததும், வழக்கம்போல மனைவியை அனுப்பி வைப்பதாகச் சலித்துக்கொண்டார் மனிதர்.

"வேண்டாம் சார். உடம்புக்கு ஒண்ணுமில்ல, சும்மா நடிக்கிறா. இனிமே நாங்களே பாத்துக்கறோம், உங்க வீட்டம்மா அலைய வேண்டாம்."

"நல்லதாப் போச்சு மேடம். கடையைப் போட்டுட்டு ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கு எனக்கு."

நர்ஸ் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நர்ஸ் வைத்த போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸுக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். கணக்கு டீச்சரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். பயப்படாமல் படிக்க வழி பண்ணுவதாகவும் சொன்னார்.

"இப்படியே கிளாஸை விட்டுத் தப்பிச்சுக்கிட்டே இருந்தா எப்படி, கண்ணு?"

"நான் தப்பிக்கறதுக்கு இல்ல சிஸ்டர்."

திரைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, காற்றோடு போகிற குரலில் சொன்னாள்.

"அப்பா கடைக்குக் கிளம்பும்போது அம்மாவை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவாரு. நீங்க கூப்பிட்டா மட்டும்தான் வந்து திறந்து விடுவாரு."

நர்ஸ் எழுந்து போய், தலைமையாசிரியையைக் கையோடு கூட்டிவரச் சொல்லி ஆயாவை அனுப்பினார். திரும்பி வந்து அதே நம்பரை அழுத்தினார். மறுமுனையில் குரல் கேட்டதும், தன் குரல் பிசிறாமல் பார்த்துக்கொண்டார்.

"சார், நான் சொன்னது தப்பு. பொண்ணுக்கு ரொம்ப முடியல. அவங்க அம்மாவை உடனே அனுப்புங்க."