ஒன்பதாவது கேள்வி

“நீங்க பாடத்தை மெருகேத்த மெருகேத்த, ஃபெயில் ஆகுறவங்கதான் கூடிக்கிட்டே போறாங்க. இது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல.”

மேலாளர் திரையை அவள் பக்கம் திருப்பினார். பார்க்காமலே அவளுக்கு மனப்பாடம். படுக்கையில் விழுந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தரும் இணையவழி வகுப்பு அது. பாடங்களை வடிவமைத்தவள் அவள்தான்.

அவள் படித்த படிப்பு, கற்பவர்களைக் கண், காது, கை என்று மூன்றாகப் பிரித்திருந்தது. பார்த்துக் கற்பவர்களுக்காகப் படங்கள் போட்டாள். நாற்பது பேர் ஃபெயில். கேட்டுக் கற்பவர்களுக்காகக் குரல் சேர்த்தாள், அது அறுபதானது. செய்து கற்பவர்களுக்காக, செய்யும்போதே சந்தேகம் கேட்டுக்கொள்ள ஃபோனில் ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தாள். அதற்குப் பிறகு எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது. அத்தனை பேரும் தவறுவது ஒரே இடத்தில், ஒன்பதாவது கேள்வியில். உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால், அதில் தவறினால் மற்ற பத்தொன்பதும் சரியாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது.

“வர்ற வெள்ளிக்கிழமையோட உங்க ஆறு மாச சோதனைக் காலம் முடியுது,” என்றார் மேலாளர். கெட்டவர் இல்லை, கெட்ட செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொல்கிற ரகம். “சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. தப்பு படிக்கிறவங்க மேலன்னா, மூணு தடவைக்கு மேல ஃபெயில் ஆனவங்களை வகுப்புல இருந்து மொத்தமா எடுத்துடலாம், உங்க வேலையும் நிரந்தரம். தப்பு பாடத்துலன்னா, யாரையும் எடுக்க வேண்டாம், பாடம் அது பாட்டுக்கு ஓடட்டும், வேற ஆள் வந்து நிதானமா திருத்துவாங்க.”

வேறு ஆள் என்றால் அவளுக்கு வேலை போய்விடும். மூன்று வருடம் படியேறி இறங்கிக் கிடைத்த வேலை இது.

தன் இடத்துக்கு வந்து ஃபெயிலானவர்கள் பட்டியலைத் திறந்தாள். முதல் ஆள் ஒரு தையல்காரர். பதினொரு முறை எழுதி, பதினொரு முறையும் கோட்டை விட்டிருந்தார். பக்கவாதத்தில் விழுந்த மனைவிக்காகச் சேர்கிறேன் என்று படிவத்தில் எழுதியிருந்தார். ஒன்பதாவது கேள்வி, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது நோயாளியை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பது. தட்டையாக மல்லாந்து படுக்க வைக்க வேண்டும் என்று பதினொரு தடவையும் குறித்திருந்தார்.

அவளுக்குத் தன் வேலைக் கவலை ஒரு நிமிடம் மறந்தே போனது. மனிதர் வீட்டிலும் அப்படியே செய்தால் உணவு நுரையீரலுக்குள் போய்விடுமே. தான் எழுதிய பாடம் ஒரு உயிரைக் குடித்துவிடுமோ என்ற பயத்தில் உடனே அவர் எண்ணுக்கு அடித்தாள்.

மறுமுனையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஐயா, வகுப்பு ஆஃபீஸ்ல இருந்து பேசுறேன். வீட்டம்மாவுக்குக் குழாயில சாப்பாடு குடுக்கறப்ப எப்படிப் படுக்க வைக்கிறீங்க?”

“படுக்கவே வைக்க மாட்டேனே. முதுகுக்குத் தலகாணி குடுத்து, பாதி உக்காந்த மாதிரி வச்சுக்குவேன். குழாய் எடம் மாறாம இருக்கான்னு முதல்ல பாத்துக்குவேன். குடுத்து முடிச்சும் ஒரு மணி நேரம் அப்படியே சாஞ்சுதான் இருக்கணும். அவசரப்பட்டுப் படுக்க வச்சா வம்பாயிடும்.”

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. படுக்கைப்புண் வராமல் இருக்க என்ன செய்கிறார் என்று கேட்டாள்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டி விடுவேன். விரிப்புல சின்னதா ஒரு மடிப்பு இருந்தாலும் முதுகுல உறுத்தும்மா. அதனால தையல் மேல வராத மாதிரி நானே விரிப்பு தச்சுட்டேன்.”

இது பாடத்திலேயே இல்லை. அவள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

“நீங்க பாத்துக் கத்துக்கிறவரா, கேட்டுக் கத்துக்கிறவரா?”

“அவ விழுந்த அன்னைக்குக் கண்ணு, காது, கை எல்லாத்துலயும் கத்துக்கிட்டேன். அப்ப எது வழின்னு பாத்துக்கிட்டா இருக்க முடியும்?”

“இவ்வளவு தெரிஞ்சவரு பரீட்சையில மட்டும் ஏங்கய்யா மல்லாக்கன்னு போடுறீங்க? பாடம் குழப்புதா? எதுவானாலும் சொல்லுங்க, தப்பா நினைக்க மாட்டேன்.”

மெஷின் நின்றது.

“அந்தப் பாடத்தை எழுதினது நீங்களாம்மா?”

“ஆமா.”

“அப்ப உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இவ்வளவு பளிச்சுன்னு எனக்கு யாரும் எதையும் சொல்லித் தந்ததில்ல. நான் மட்டும் இல்லம்மா, அத்தனை பேரும் தெரிஞ்சேதான் தப்பாப் போடுறோம். எங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்டது. ஃபெயிலாக அந்த ஒரு கேள்வி போதுமே.” அவர் குரல் தணிந்தது. “பாஸானவங்க பேரை மறுநாளே எடுத்துடறாங்க. அப்புறம் பாடத்தைத் திரும்பப் பாக்கவோ கேக்கவோ முடியாது, இப்ப நர்சம்மா நம்பரும் நமக்குக் கிடைக்காது. போன வாரம் இவளுக்குத் திடீர்னு மூச்சு இழுத்துச்சு. ரெண்டாவது ரிங்லயே அந்த அம்மா எடுத்து, என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணா சொல்லி, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் லைன்லயே இருந்தாங்க. எங்களுக்கு வேற யாரும்மா இருக்கா?”

“அப்படியே போடுங்கய்யா,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

சாயங்காலம் மேலாளர் மேஜையில் அவள் வைத்துவிட்டுப் போன தாளில், கேட்டபடி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘தவறு பாடத்தில்தான்.’