முப்பத்தொரு பழுது

“அது வைதேஹி மேடம் எழுதின கட்டுரைபா. அதையா நீ கிழிச்சுத் தொங்கவிட்டே?”

காஞ்சிபுரம் மூங்கில் மண்டபத்துப் பக்கம் ஒரு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த அபிநயா அப்படியே நின்றாள். ஏனாத்தூரிலிருந்து வரும் லோகேஷ் இரண்டு படி மேலே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். மாடியில் வைதேஹி மேடம் நடத்தும் மாலை வகுப்பில் இருவரும் பத்து மாதமாக ஆங்கிலத்தில் எழுதப் பயில்கிறவர்கள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு வாரம் முன்னாடி சீக்கிரம் வந்துட்டேன்மா. மேடம் டைப் அடிச்சுக்கினு இருந்தாங்க. புரொஜெக்டரை அணைக்க மறந்துட்டாங்க போல, சுவத்துல பெருசா ஓடுச்சு. ஆயிரம் கோவில்னு ஆரம்பம். அப்புறம் ஒரு வாக்கியம், ஒன்பது வரிக்குப் போய்க்கினே இருக்குது. எண்ணிப் பாத்தேன். நீ சொன்னதும் அதானே?”

அதேதான்.

போன வெள்ளிக்கிழமை மேடம் ஆளுக்கொரு கட்டுரை கொடுத்திருந்தார். எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தவை. மேலே எண் மட்டும், பெயர் இல்லை. “யார் எழுதினதுன்னு பாக்காதீங்க, என்ன குறைன்னு பாருங்க” என்றார்.

அபிநயாவுக்கு அது பழகிய வேலை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவைகளைச் சரிபார்ப்பவள் அவள். மேசைக்கு வரும் புடவையில் நெய்தவர் பெயர் இருக்காது, சீட்டில் எண்தான். பழுது கண்ட இடத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டு அடுத்த புடவையை விரிக்க வேண்டும். ஒருமுறை அப்பா நெய்த புடவைக்கே நாலு நூல் கட்டிவிட்டாள். அவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

அதே கையோடு கட்டுரைக்கும் உட்கார்ந்தாள். ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் காஞ்சிபுரத்துக்காரர்கள் ஆயிரம் கோவிலில் தொடங்கிப் பட்டில் முடிப்பார்கள். பள்ளிக்கூட கைடு அப்படி. அவளுக்கு வந்த ஏழாம் எண்ணும் அப்படித்தான். வரிசை எண் போட்டு முப்பத்தொரு பழுது எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். கடைசியில் ஆங்கிலத்தில் இப்படியும் சேர்த்தாள்: ‘பாவு நூல் மட்டும் நீளமாக ஓடுகிறது. குறுக்கே ஊடை போல ஒரு கருத்தாவது போயிருந்தால் இது துணியாகியிருக்கும். எழுதியவர் இந்த ஊரில் வாழ்கிறாரா, பஸ்ஸில் கடந்து போனவரா?’

அந்த பஸ் வரியைப் போய் மேடத்துக்கே எழுதியிருக்கிறாள்.

அதுவும் இந்த வாரம் பார்த்து. கடையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டும். முதலாளி வைதேஹி மேடத்திடம் ஒரே ஒரு பெயர் கேட்டிருந்தார். மேடம் இன்று சொல்லப்போகிறார். கிடைத்தால் உட்கார்ந்து எழுதும் வேலை. இல்லையென்றால் நாள் முழுக்கக் கண் எரிய நின்று நூல் கட்ட வேண்டியதுதான். எப்படியும் கிடைக்காது என்றுதான் தினமும் டயரியில் எழுதிவந்தாள். பத்து மாதத்தில் ஓர் அடிகூட நகரவில்லை என்பது அவள் கணிப்பு.

“நீ என்ன எழுதினே?” என்று கேட்டாள்.

“எனக்கு வந்தது சூப்பர் கட்டுரைபா. திருத்த ஒண்ணுமே இல்ல. பத்துக்கு ஒன்பதரை போட்டேன். எழுதினவரு பெரிய ஆளுன்னு கீழ எழுதியே வெச்சுட்டேன். உன்னை மாதிரி வம்பை விலைக்கு வாங்குவேனா?”

வகுப்பில் முப்பது வயது வைதேஹி மேடம் காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அபிநயா, இங்க வாங்கோ.”

போனாள். முப்பத்தொரு பழுதும் சிவப்பு மையில் மேசைமேல் விரிந்து கிடந்தன.

“உங்க முதலாளிக்கு மத்தியானமே பேரை அனுப்பிட்டேன். உங்க பேரைத்தான்.”

அபிநயாவுக்குச் சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. “மேடம், இந்த ஏழாம் நம்பர் உங்களோடதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த பஸ் வரியை எழுதியிருக்கவே மாட்டேன்.”

“என்னோடதுன்னு யார் சொன்னா?”

லோகேஷ் மின்விசிறியைப் பார்த்தான்.

“நீங்க டைப் அடிச்சுக்கினு இருந்தீங்கன்னு...” என்று இழுத்தாள் அபிநயா.

“பதினாலு கட்டுரையையும் நான்தான் அடிச்சேன், விரல் வலிக்க வலிக்க. கையெழுத்தைப் பாத்தா கண்டுபிடிச்சுடுவேளே, அதுக்காக.” மேடம் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தார். “சேந்த அன்னைக்கு ‘எங்கள் ஊர்’னு எழுதிக் கொடுத்தது ஞாபகம் இருக்கா?”

நீட்டிய கோடு போட்ட தாளில் ஆயிரம் கோவில் இருந்தது. மூச்சு விடாமல் ஓடும் அந்த ஒன்பது வரி இருந்தது. அடியில் பத்து மாதத்துக்கு முந்தைய தேதியும், அபிநயா என்ற கையெழுத்தும் இருந்தன.

அபிநயாவுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

“அப்போ பஸ்ஸுல போனது நீதானா?” பின்னாலிருந்து லோகேஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

வைதேஹி மேடம் ஃபைலிலிருந்து அடுத்த தாளை உருவி அவனிடம் நீட்டினார். “நீங்க ஒன்பதரை போட்டேளே ஒரு பெரிய ஆளுக்கு, அவர் கையெழுத்தும் ஏனாத்தூர்ங்கற ஊர்ப் பேரும் இதுல இருக்கு. பாத்துக்கோங்கோ, லோகேஷ்.”